கோதையாற்றங்கரைக்குத் திரும்பி வந்த கூரை

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இப்போது எழும்பும் புது வீடுகளுக்கு ஒரே சாயல் உண்டு. ஆற்றைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து உத்தரம்வரை கண்ணாடி. மேலே சரிந்த கூரை; அதில் ஓடு, அல்லது ஓடு மாதிரித் தெரியும் ஷீட். முன்பக்கம் நீளமாக வராந்தா, எங்கிருந்தோ விலைக்கு வாங்கிவந்த இரண்டு பழைய மரத்தூண்கள். வசதி கொஞ்சம் கூடினால், விளிம்பு தெரியாமல் ஆற்றோடு கலந்துவிடுவது போன்ற ஒரு நீச்சல்குளம். கட்டுகிறவர்கள் இதை 'ரிசார்ட் ஸ்டைல்' என்பார்கள். வரைபடம் போட்ட இளம் பொறியாளர் பாலியிலோ ஃபூக்கெட்டிலோ எடுத்த படங்களைக் கைபேசியில் காட்டியிருப்பார்.

அந்தப் படங்களில் இருக்கும் வீட்டுக்கு வயது அதிகம். அது கடந்து வந்த தூரமும் அதிகம். வங்காளத்து மூங்கில் குடிசை, இங்கிலாந்தின் குளிர்ந்த கடற்கரை, நேத்ராவதிக் களிமண், இலங்கையில் ஒரு ரப்பர் தோட்டம், இல்லினாய் மாநிலத்து ஆற்றங்கரை ஒன்று என்று பல இடங்களைத் தொட்டுத்தான் அது கோதையாற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் உறுப்புகளில் சில இங்கிருந்தே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், பல நூற்றாண்டுகளாக, ஒழுகாமல் நிற்கின்றன.

பத்மநாபபுரம் அரண்மனையை நாம் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு மறந்துவிட்டோம். வேணாட்டு மன்னர்கள் 1601 வாக்கில் தொடங்கி, பிறகு மார்த்தாண்ட வர்மா விரிவாக்கிய இடம் அது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. கேரளத் தொல்லியல் துறை தமிழ்நாட்டு மண்ணில் நின்று பராமரிக்கும் அரண்மனை என்ற சிறப்பும் அதற்கு உண்டு. வீடு கட்டப்போகிறவர் அங்கே பார்க்க வேண்டியது, ராஜாவின் மூலிகைக் கட்டிலுக்கும் முன்னால், கூரையின் ஓரத்தை. சுவரை விட்டு அது எவ்வளவு தூரம் வெளியே நீண்டு, எவ்வளவு தாழ்ந்து இறங்குகிறது என்று பாருங்கள். அந்த எறவானத்துக்குக் கீழே மரச்சட்டங்களால் ஆன தடுப்பு வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், காற்று வரும், சாரல் வராது. அரண்மனைக்குள் இருக்கும் தாய்க் கொட்டாரத்தில் நான்கு பக்கக் கூரைகளும் நடுவிலுள்ள முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. எடவப்பாதியிலும் ஐப்பசியிலும் இரண்டு தடவை மழை வாங்கும் நாட்டில், மழையோடு பழகிப் பழகிக் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

இந்தக் கூரை எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் யார் எப்படிப்பட்ட வீடு கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. பெரும்பாலான மக்கள் ஓலைப்புரையில்தான் வாழ்ந்தார்கள். அந்த ஓலைப்புரையிலும் கூரை தாழ்ந்து நீண்டுதான் இருந்தது. மழை எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரிதானே பெய்கிறது.

இதே அறிவு நாட்டின் கிழக்கு மூலையிலும் இருந்தது. வங்காளத்துக் குடியானவர்கள் மூங்கிலை வளைத்து, நடுவில் உயர்ந்து இரண்டு ஓரங்களிலும் தாழும் கூரை போட்டார்கள். மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடுவதற்கான எளிய வழி. அதன் வளைவழகில் முகலாயர்களும் மயங்கினார்கள். 1633இல் ஷாஜஹான் லாகூர்க் கோட்டையில் கட்டிய நௌலகா மண்டபத்தின் கூரை, அந்த மூங்கில் வளைவைப் பளிங்கில் செய்த நகல். மழை குறைந்த லாகூருக்கு அந்த வளைவு தேவையே இல்லை. அழகுக்காக மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எதற்காக உண்டானதோ அதை விட்டுவிடும் வழக்கம் இந்தக் கதையில் இனியும் பல இடங்களில் வரும்.

அடுத்து வந்தவர்கள் கம்பெனிக்காரர்கள். 1676இல் ஹூக்ளிக்குப் போன ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, கம்பெனி ஆட்கள் தங்குவதற்காகக் கட்டியிருந்த 'பங்களா'க் குடில்களைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கல் கட்டடத்துக்கு நேரமோ பணமோ இல்லாதபோது உள்ளூர்க்காரர் கட்டிக்கொடுத்த தற்காலிகக் குடிசை அது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் வராந்தாவை இழுத்தார்கள், தரையை உயர்த்தினார்கள், நடுவில் அறைகளைப் பிரித்தார்கள். காலப்போக்கில் அந்தக் குடிசை கலெக்டர் பங்களாவாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் துரையும் ரப்பர் தோட்டத்துத் துரையும் பிறகு குடியேறியது இந்த வீட்டின் பேரப்பிள்ளைகளில்தான்.

பங்களா தண்ணீரோரத்துக்குப் போனது எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1869-70இல் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், வெஸ்ட்கேட் என்ற ஊரில், ஜான் டெய்லர் என்ற கட்டடக் கலைஞர் இந்தியப் பாணியில் ஒற்றைத்தள வீடு கட்டி, பங்களா என்று பேர் வைத்து விற்றார். பெருநகரப் புகையில் மூச்சு முட்டிய பணக்காரர்களுக்கு, வராந்தாவில் உட்கார்ந்து கடற்காற்று வாங்க ஒரு விடுமுறை வீடு. முதல் வீட்டை வாங்கியவர் எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் மருத்துவர். குளிப்பதன் நன்மையை ஊரெல்லாம் பரப்பியவர். எகிப்திலிருந்து கிளியோபாட்ராவின் ஊசி எனப்படும் கல்தூணை லண்டனுக்குக் கொண்டுவரப் பணம் கொடுத்ததும் இவரே. ஒரு தூரதேசத்துப் பொருளை இங்கிலாந்துக் கரையில் நிறுத்துவதில் அவருக்குத் தனி விருப்பம் இருந்திருக்க வேண்டும்.

பக்கத்து ஊர் பர்ச்சிங்டனிலும் பங்களாக்கள் வந்தன. அவற்றில் ஒன்றில்தான் 1882இல் ஓவியரும் கவிஞருமான தாந்தே கேப்ரியல் ரொசெட்டி உயிர்விட்டார். அட்லாண்டிக்கைத் தாண்டி, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேப் காட் கடற்கரையில் வில்லியம் கிப்பன்ஸ் பிரெஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் 1879 வாக்கில் ஒரு பங்களாவை வரைந்தார். அங்கிருந்து கலிஃபோர்னியா, அங்கிருந்து ஆஸ்திரேலியா. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் பிறந்த வங்காளக் குடிசை, ஐம்பதே வருடத்தில் கடல் பார்க்கும் வீடு என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. தண்ணீரைப் பார்த்து உட்கார்வதற்காகவே வீடு கட்டும் ஆசைக்கு ஒரு வடிவம் கிடைத்தது அப்போதுதான்.

நம் பக்கத்தில் அப்படி ஓர் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. குமரி மாவட்டத்தின் பழைய குடியிருப்பைக் கவனித்தால், கீழே ஏலா என்னும் வயல், அதற்கு மேலே சரிவில் விளை என்னும் தோட்டம், விளையின் மேட்டில் வீடு. விளை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இங்கே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் தென்னையும் வாழையும் நிற்கும். குளிக்கவும் துணி துவைக்கவும் படித்துறைக்கு இறங்கிப் போவார்கள், வேலை முடிந்ததும் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் அதனிடமிருந்து கொஞ்சம் தள்ளியே படுத்தார்கள்.

பங்களாவுக்குத் தலையில் வைக்க அதே நூற்றாண்டில் ஒரு புது ஓடும் வந்தது. அதன் பிறப்பிடம் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ஆல்ட்கிர்ச் என்ற சின்ன ஊர். கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரை நம் பக்கத்தில் குயவர் செய்த நாட்டோட்டை அடுக்கடுக்காகப் போட வேண்டும், பாரம் அதிகம், காற்றிலும் குரங்கிலும் நகர்ந்துவிடும், அடிக்கடி ஆளை ஏற்றி மாற்ற வேண்டும். கிலார்டோனி ஓடு ஒரே அடுக்கில் மழையைத் தடுத்தது.

ஆல்ட்கிர்ச்சுக்குப் பக்கத்தில்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கே 1815இல் தொடங்கிய பாசல் மிஷன் 1834இல் மங்களூருக்கு வந்தது. மதம் மாறியவர்கள் சாதியையும் தொழிலையும் இழந்து நின்றார்கள், அவர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். நெசவைத் தொடங்கினார்கள், அச்சகம் வைத்தார்கள். கடைசியில், 1865இல், ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் ஜெப்பு என்ற இடத்தில் ஓட்டு ஆலையை ஆரம்பித்தார். நேத்ராவதிக் கரையில் அருமையான களிமண் இருந்தது. பக்கத்தில் விறகு, துறைமுகம். வேறென்ன வேண்டும்? மூன்றே வருடத்தில், 1868இல், பாஸ்கல் அல்புகர்க் என்ற உள்ளூர்க்காரர் பாணெமங்களூரில் தம்முடைய ஆலையைத் திறந்துவிட்டார். பிறகு ஆளுக்கொரு ஆலை. கோழிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் ஃபெரோக்கிலும் மிஷனே கிளைகள் வைத்தது. மங்களூர் ஓடு பர்மாவுக்கும் இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது.

அதே பிரெஞ்சு ஓட்டின் இன்னொரு கிளை மார்சேய் துறைமுகத்திலிருந்து 1880களில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிட்னியின் புறநகர்களில் இன்றும் தெரியும் சிவப்புக் கூரைகள் அதன் வாரிசுகள். முதல் உலகப்போர் கப்பல் வழியை அடைத்ததால், அங்கேயே ஓடு சுடத் தொடங்கினார்கள். அதே போர் மங்களூரிலும் ஆளை மாற்றியது. ஜெர்மன் தொடர்பு இருந்த மிஷனின் ஆலைகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி, பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. முதலாளி மாறினாலும் ஓட்டின் அச்சு மாறவில்லை. சாதி அனுமதி பார்க்காமல், விலை கொடுத்தால் கிடைக்கும் சரக்காக அது ஊர் ஊராகப் போனது. நம் தாத்தா பாட்டி காலத்து 'ஓட்டு வீடு' என்ற பெருமிதத்துக்குப் பின்னால் இந்த ஆலைகள் இருக்கின்றன. ஓலையைக் கழற்றி ஓடு போட்ட நாளை ஒரு குடும்பம் தலைமுறைக்கும் நினைவில் வைத்திருந்ததில் நியாயம் இருக்கிறது.

இனி கண்ணாடி. அதன் வழி வேறு.

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற சிகாகோ மருத்துவருக்காகக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே 1951இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். எட்டு வெள்ளை எஃகுத் தூண்கள், நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரே அறை. ஆற்று வெள்ளம் வரும் என்று தெரிந்து தரையை ஐந்தடிக்கு மேல் உயர்த்தியிருந்தார். இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட வீடுகளில் ஒன்று அது. நம் ஊர்க் கண்ணாடிச் சுவருக்கும் அதுதான் பாட்டன். ஆனால் 1954இலேயே வெள்ளம் அந்த உயரத்தையும் தாண்டி உள்ளே புகுந்தது. 1996இல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. 2008இல் மறுபடியும். படமெடுத்துப் புத்தகம் போட்டவர்கள் வீட்டைக் காட்டிய அளவுக்கு வெள்ளத்தைக் காட்டவில்லை.

அருவி பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டின் சொந்தக்காரர் எட்கர் காஃப்மன், அருவியைப் பார்க்கும்படி ஒரு வீடு வேண்டும் என்றுதான் கேட்டார். ரைட் அருவியின் தலைமேலேயே கட்டிக்கொடுத்தார். உலகமே கொண்டாடியது. ஆனால் கூரை ஒழுகியது, நீட்டிவிட்ட மேடைகள் தொங்கத் தொடங்கின. 2002இல் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டித்தான் அவற்றை நிறுத்தினார்கள். அது மகத்தான படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திற்பரப்பில் அதைப் போல ஒன்று கட்டலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நான் தடுப்பேன்.

கூரையும் கண்ணாடியும் சந்தித்துப் பேசிய இடம் இலங்கை. ஜெஃப்ரி பாவா கொழும்பில் பிறந்தவர், சட்டம் படித்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவிலேயே தங்கிவிட நினைத்து, இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கப் பார்த்தார். பேரம் முறிந்தது. ஊர் திரும்பி, 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் தெத்துவ ஏரிக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். பேர் லுனுகங்க. குலசேகரத்துக்காரர் அங்கே போனால் மண்ணும் காற்றும் அந்நியமாகத் தோன்றாது. தோட்டத்தை மாற்ற ஆசைப்பட்டவருக்குக் கட்டடம் கட்டும் நுட்பம் தெரியவில்லை. அதைக் கற்பதற்காகவே லண்டன் போய்ப் படித்து, 1957இல், முப்பத்தெட்டு வயதில், கட்டடக் கலைஞரானார். அந்த இத்தாலிய மாளிகை கிடைத்திருந்தால் நம் கதை வேறு திசையில் போயிருக்கும்.

அவருக்கு முன்பே மினெட் டி சில்வா என்ற கட்டடக் கலைஞர் கண்டியில் ஒரு வீடு கட்டி, நவீனக் கட்டடத்தையும் உள்ளூர்க் கைவினையையும் சேர்க்க முடியும் என்று காட்டியிருந்தார். மினெட்டுக்குக் கிடைத்த புகழ் அவருடைய தகுதிக்கு மிகக் குறைவு. 1960களில் இலங்கை அரசு அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டுக் கண்ணாடியும் எஃகும் கிடைப்பது அரிதானது. மீஸின் வழி அடைபட்டது. பாவாவும் அவருடைய டேனிஷ் கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் ஓட்டுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் திரும்பினார்கள். கண்ணாடிச் சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லாமல் விட்டார்கள். அதற்கு நீண்ட எறவானம் வேண்டும், போட்டார்கள். ஓடு ஒழுகாமல் இருக்க அதன் அடியில் நெளிந்த சிமென்ட் ஷீட்டை வைத்தார்கள். கொழும்பில் பாவாவின் சொந்த வீட்டில் செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன. பழைய வீட்டுத் தூணை வாங்கி நட்டுவைக்கும் இன்றைய வழக்கத்துக்கு அது ஒரு முன்மாதிரி. 1970களில் மதுரையில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக ஒரு கிளப்பையும் கட்டினார். இன்று அது ஹெரிடேஜ் மதுரை என்ற விடுதி.

1973இல் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட், தாம் குடியேறியிருந்த பாலித் தீவுக்குப் பாவாவை அழைத்தார். சானூர் கடற்கரையில் பத்துஜிம்பார் என்ற இடத்தில் தனித்தனி மண்டபங்களும் குளங்களுமாக வீடுகளைப் பாவா வரைந்தார். பாலிக்காரர்களின் சொந்தக் கட்டட மரபும் அதில் கலந்தது. பிறகு விடுதி முதலாளிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1988இல் ஃபூக்கெட்டில் அமன்புரி, மறு வருடம் பாலியில் அமந்தாரி. பாவா 1980 வாக்கில் அஹுங்கல்லையில் கட்டிய டிரைட்டன் விடுதியில், வாசலிலிருந்து பார்த்தால் நீச்சல்குளமும் கடலும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும். அந்தக் குளம் இப்போது எல்லா ரிசார்ட்டிலும் இருக்கிறது. கேரளத்தில் குமரகத்தில் பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து காயலோரத்தில் மறுபடி பூட்டி விடுதியாக்கினார்கள். பழைய வீட்டை விறகு விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்கு வேறொரு விலை இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். அயனியும் பலாவும் தேக்கும் லாரியேறின.

இதே காலத்தில், ரிசார்ட்டுக்குப் போக வழியில்லாதவர்களுக்காகத் தண்ணீரோரத்தில் வீடு கட்டிய ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். லாரி பேக்கர் பர்மிங்ஹாமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945இல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் இறக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். 1974-75இல் பூந்துறையில் மீனவர்களுக்கு அவர் கட்டிய சின்னஞ்சிறு வீடுகளை வரிசையாக நிறுத்தாமல் முன்னும் பின்னுமாக விலக்கி வைத்தார். ஒரு வீடு இன்னொன்றின் கடற்காற்றை மறைக்கவில்லை. நடுவில் கிடைத்த முற்றங்களில் வலை உலர்த்தலாம், பிள்ளைகள் விளையாடலாம். சுவரில் செங்கல் இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே விட்டார். கழித்துப்போட்ட மங்களூர் ஓட்டைக் காங்கிரீட் தட்டின் நடுவில் பதித்து, சிமென்டும் கம்பியும் மிச்சம் பிடித்தார். நீர்க்கரை வீட்டில் இந்த வட்டாரம் பெற்ற மிகச் சிறந்த பாடம் பூந்துறைதான் என்பது என் கருத்து. எந்த ரிசார்ட்டும் அதற்கு ஈடாகாது.

வளைகுடாப் பணமும் ரப்பர் பணமும் வந்தபோது நம் ஊர் ஓட்டைக் கழற்றிவிட்டு மட்டுப்பாவுக்கு மாறியது. காங்கிரீட் வீடுதான் கௌரவம். இரண்டு மழைக்காலத்தையும் தட்டையான கூரை தாங்கவில்லை. ஒழுக ஆரம்பித்ததும் மட்டுப்பாவின் மேல் இரும்புக் குழாயில் ட்ரஸ் போட்டு ஷீட் வேய்ந்தார்கள். அந்த ஷீட்டுக்கு ஓட்டின் நிறமும் நெளிவும் கொடுத்து ஆலைகள் விற்கின்றன. சிலர் காங்கிரீட்டையே சரிவாக வார்த்து, அதன்மேல் ஓட்டைச் சிமென்டில் ஒட்டுகிறார்கள். ஓட்டுக்கு அங்கே மழையைத் தடுக்கும் வேலை கிடையாது. கூரையும் சுவரோடு முடிந்துவிடுகிறது, எறவானம் இல்லை. அதன் கீழே மேற்கு வெயிலைப் பார்த்த கண்ணாடி. அதைத் தணிக்க நாள் முழுக்க ஏசி. லாகூரில் நடந்ததேதான் இங்கேயும் நடக்கிறது.

தண்ணீரிடமிருந்து முன்னோர் வைத்திருந்த தூரத்தையும் கைவிட்டுவிட்டோம். 2004 சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடலை ஒட்டியிருந்த வீடுகளை வாரிக்கொண்டு போனது. கடலோரத்துக்கு 1991 முதல் ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது. 2019இல் வந்த புது அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டக் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் ஓதம் எட்டாத மலையடிவார ஆற்றங்கரைக்கு அந்த அறிவிக்கை பொருந்தாது. 2021 நவம்பர் மழையில் கோதையாறு பொங்கித் திற்பரப்பில் அருவியும் பாறையும் அடையாளம் தெரியாமல் ஓடியதை இங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் மாஸ்பொம்மெல் என்ற ஊரில், ஆறு பெருகினால் மிதந்து எழும் வீடுகளை 2005 வாக்கில் கட்டியிருக்கிறார்கள். குளச்சலில் 1741இல் தோற்றுப்போன டச்சுக்காரர்களின் நாடு அது. வேறு மேடு இல்லாததால் அவர்கள் அப்படிக் கட்டுகிறார்கள். நமக்கு விளை இருக்கிறது.

ஆற்றங்கரையில் மனை வாங்கிவிட்டு வரைபடத்துக்குக் காத்திருக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கரையில் வயதானவர் ஒருவரிடம், தண்ணீர் எந்த மரம்வரை ஏறியது என்று கேளுங்கள். வீட்டை அந்த மரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். பொறியாளரையும் கூட்டிக்கொண்டு ஒரு மழை நாளில் பத்மநாபபுரம் போய், எறவானத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வாருங்கள். கண்ணாடி எத்தனை சதுர அடி என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.